டெல்டா வெயில்ல ஆக்சலாட்டலா? மொதல்ல தண்ணிய ஆற வைங்க

எங்க ஊரு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். மார்கழி விடியக்காலைல பால்காரரு மஃப்ளர சுத்திக்கிட்டு வருவாரு, எங்கம்மா குளுருது குளுருதுன்னுட்டு கொல்லைக்கதவ சாத்தும், அந்த நேரத்துல கூட இங்க தெர்மாமீட்டர் 21, 22 டிகிரிக்கு கீழ போறது அபூர்வம். ஆக்சலாட்டல்ங்கிறது தவளைக்கு தூரத்து சொந்தம், நாலு காலும் வாலுமா பல்லி சாயல்ல இருக்கும், செவுளோட தண்ணிக்குள்ளயே வாழுற பிராணி. அதுக்கு புடிச்ச தண்ணி 16லேர்ந்து 18 டிகிரி. 20 வரைக்கும் ஏதோ ஓட்டிக்கும், 24அ தாண்டிட்டா ஒடம்புக்கு ஆகாது. அதாவது நாம போத்திக்கிட்டு படுக்குற நேரமே அதுக்கு புழுக்கம். சித்திரைய பத்தி நான் சொல்லவே வேணாம்.

இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஏதோ கேம்ல இத பாத்துட்டு மாமா எனக்கு இது வேணும் மாமா வேணும்னு ஒரு மாசமா நச்சரிப்பு, நானும் கப்பி மாலி ஃபைட்டர்னு பத்து வருஷமா மீன் வளத்த தெனாவெட்டுல டவுன்ல ஒரு கடைல போயி கேட்டேன், அவரு "சின்னதா ஒரு ஃபேன் மாட்டிருங்க ப்ரோ, போதும்"னாரு, வாங்கிட்டு வந்துட்டேன். அது பங்குனி மாசம். மத்தியானம் தண்ணி 30. மூணாவது நாளே ரெண்டு பக்கமும் எறகு மாதிரி நிக்கிற செவுளு முன்னாடி பக்கம் சுருள ஆரம்பிச்சுது, அப்பறம் வாலு நுனி கொக்கி மாதிரி வளைஞ்சுது, அப்பறம் செவுள்ல பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா பூசணம். பதினோராவது நாள் காலைல போச்சு. அவ ரெண்டு நாள் எங்கூட பேசல. கடைக்காரர குத்தம் சொல்லி என்ன பண்றது, பத்து நிமிஷம் தேடிப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்.

அதுக்கப்பறம் ஆறு மாசம் கழிச்சு, ஒழுங்கா தயார் பண்ணி ரெண்டாவது தடவ வாங்குனேன். இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு, நல்லா இருக்கு. அந்த ஆறு மாசத்துல பண்ணத தான் இங்க எழுதுறேன், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு.

மொதல்ல இது எங்கேர்ந்து வந்த பிராணின்னு தெரிஞ்சுக்கங்க, அப்பதான் எதுக்கு இவ்ளோ பாடுன்னு புரியும். மெக்சிகோ சிட்டில சோச்சிமில்கோன்னு ஒரு எடம், ஏரியும் வாய்க்காலுமா இருக்கும். கடல் மட்டத்துலேர்ந்து 2240 மீட்டர் ஒசரம், அதாவது நம்ம ஊட்டி ஒசரம். அங்க ஜனங்க ஏரிச் சேத்த வாரிப் போட்டு மேடு கட்டி அதுல வெள்ளாமை பண்ணுவாங்க, சினாம்பான்னு பேரு, அந்த மேட்டுக்கு நடுவுல ஓடுற வாய்க்கால் தான் ஆக்சலாட்டலோட சொந்த ஊரு. வாய்க்கால் வரப்பு சேறுன்னு கேக்க நம்ம ஊரு மாதிரியே இருக்கும், குளிர தவிர. உலகத்துல காட்டுல இருக்கிறது அங்க மட்டும் தான். 1998ல எண்ணுனப்ப சதுர கிலோமீட்டருக்கு 6000 இருந்துச்சாம், 2014ல எண்ணுனப்ப 36. ஊர் பெருத்து சாக்கடை கலந்தது ஒரு காரணம், இன்னொன்னு மீன் வளக்குறோம்னு கொண்டாந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்னுருச்சு. திலாப்பியான்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம குளத்துல கெடக்குற அதே ஜிலேபி தான். நம்ம ஊரு நாட்டு மீனுக்கு அது பண்ற வேலைய தான் அங்கயும் பண்ணிருக்கு. கடைல விக்கிறதெல்லாம் காட்டுலேர்ந்து புடிச்சது கெடையாது, தொட்டில பொறந்து தொட்டில வளந்த பரம்பரை. 1864ல பாரிசுக்கு போன ஒரு கூட்டத்துலேர்ந்து ஆரம்பிச்சு எத்தனையோ தலைமொறை தொட்டிலயே ஓடிருச்சு, ஆனா அந்த குளிர் மட்டும் ஒடம்ப விட்டு போகல.

சரி, குளிர எப்படி கொண்டாறது. ஃபேன்ல ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாரும் அத தான் சொல்லுவாங்க. தண்ணி மேல காத்தடிச்சா ஆவியாகி ஆறும், மண்பானைல தண்ணி சில்லுன்னு ஆகுற அதே கணக்கு தான். காத்து காஞ்சிருந்தா தான் பானை நல்லா ஆறும், ஐப்பசி மழைல மண்பானை தண்ணி சும்மா தண்ணி மாதிரியே இருக்குறத பாத்திருப்பீங்க. நம்ம டெல்டால காத்துல எப்பவும் ஈரம். நல்ல வெயில்ல கூட ஃபேன் போட்டு 26 வரைக்கும் எறக்குறதே பெரிய விஷயம், அடமழைல 26க்கும் வராது. எத்தன ஃபேன் வச்சாலும் அந்த கோட்ட தாண்டாது. ஆனா ஒண்ணு, ரூம்ல 24 மணி நேரமும் ஏசி ஓடுதுன்னா கதை வேற. ஏசி காத்து காஞ்ச காத்து, அங்க 24ல ஏசிய வச்சு டேங்க் மேல ஃபேன் போட்டா தண்ணி 20 கிட்ட வந்துரும். ராத்திரி மட்டும் ஏசி போடுற வீடுன்னா இத நம்பாதீங்க, பகல்ல ஏறி ராத்திரி எறங்குறது ரொம்ப மோசம்.

அப்பறம் ஐஸ் பாட்டில். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில ஃப்ரீசர்ல ஒறைய வச்சு தொட்டில மெதக்க விடுறது. கணக்கு போட்டு பாத்தேன், 100 லிட்டர் தண்ணில ஒரு லிட்டர் ஐஸ் முழுசா கரைஞ்சா சுமாரா ஒரே ஒரு டிகிரி தான் கொறையும். 33லேர்ந்து 18க்கு வரணும்னா 15 பாட்டில், அது கரைஞ்சு முடியறதுக்குள்ள வெளி சூடு திரும்ப ஏறிக்கிட்டே இருக்கும். நாலு நாளைக்கு மேல யாராலயும் முடியாது. ஆபத்துக்கு மட்டும் வச்சுக்கங்க, அத பின்னாடி சொல்றேன்.

ஆக சில்லர் தான், அதாவது தொட்டித் தண்ணிய உள்ள வாங்கி ஃப்ரிட்ஜ் மாதிரி குளுர வச்சு திருப்பி விடுற மெஷின். வேற வழி இல்ல. புதுசு வாங்குனா 20 ஆயிரத்துக்கு மேல போகும், அந்த காசு இல்லன்னா இந்த பிராணி இப்ப வேணாம்னு வெளிப்படையா சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா கேட்டாரு, "ஏண்டா, நம்ம வீட்ல மனுஷனுக்கே ஏசி இல்ல, பல்லிக்கு ஏசியா"ன்னு. பதில் சொல்ல முடியல.

சில்லர் வாங்கறப்ப பெட்டில இத்தன லிட்டருக்குன்னு போட்டிருக்கிறத அப்படியே நம்பாதீங்க. அது ரூம் சூட்டுலேர்ந்து கொஞ்சமா எறக்குறதுக்கு போட்ட கணக்கா இருக்கும், நமக்கு 15 டிகிரி எறக்கணும். 1/10 எச்பி போதும்னு சொன்னா அதுக்கு ஒரு படி மேல வாங்குங்க, சின்ன சில்லர் நிக்காம ஓடி ஓடி சீக்கிரமே போயிரும். சின்னதா கம்ப்ரசர் இல்லாம பெல்டியர்னு வர்ற டப்பாவெல்லாம் நம்ம சூட்டுக்கு காணாது. இன்னொன்னு, கிராமத்துல மோட்டார் ஓடுற நேரத்துல வோல்டேஜ் எப்படி இருக்கும்னு தெரியும்ல, அதனால கண்டிப்பா ஸ்டெபிலைசர் போடுங்க, கம்ப்ரசர் போச்சுன்னா பாதி காசு போச்சு. சில்லர் உள்ள குளுர வச்ச சூட்ட வெளில தான் கக்கும், அத ஸ்டாண்டுக்கு அடில கதவு போட்டு பூட்டி வச்சீங்கன்னா அதோட சூட்டையே அது குடிச்சுக்கிட்டு கெடக்கும். காத்தாட வைங்க. நான் கூடத்துல டேங்கும் ஜன்னல் ஓரமா சில்லரும் வச்சு பைப்ப நீட்டிக்கிட்டேன்.

இப்ப யாரும் சொல்லாத ஒரு விஷயம். வேர்வை. மழைக்காலத்துல ஐஸ் வாட்டர் சொம்பு வெளில எப்படி முத்து முத்தா வேர்க்கும், அதே மாதிரி 18 டிகிரி தண்ணி வச்ச 3 அடி கண்ணாடி நம்ம ஊரு காத்துல ராப்பகலா வேர்க்கும். மொத வாரம் எனக்கு தெரியல. காலைல எந்திரிச்சு பாத்தா தரை ஈரம், டேங்க் லீக்குன்னு நெனச்சு பதறி எல்லா மூலையையும் வெரல வச்சு தடவி பாக்குறேன், சிலிகான்ல ஒரு கசிவும் இல்ல, அண்ணாந்து பாத்தா கண்ணாடிலேர்ந்து தண்ணி கோடு கோடா எறங்குது. ஒரு மாசத்துல ஸ்டாண்டோட பிளைவுட் ஓரம் அப்பளம் மாதிரி ஊதிருச்சு. அதுக்கப்பறம் தான் மூணு பக்கமும் ஒரு இஞ்ச் தெர்மாகோல் வெட்டி ஒட்டுனேன், பைப்புக்கு ஏசி மெக்கானிக் போடுற கருப்பு ஃபோம் சுத்துனேன், ஸ்டாண்ட இரும்பு ஆங்கிள்ல மாத்துனேன். முன் பக்கம் இன்னும் வேர்க்கும், ஒரு துண்ட மடிச்சு கீழ வச்சிருக்கேன். தெர்மாகோல் போட்டதுல சில்லர் ஓடுற நேரமும் கொறைஞ்சுது, அதனால மொத நாளே ஒட்டிருங்க.

டேங்குக்கு வருவோம். இது நீந்துறத விட தொட்டியோட அடித்தரைல நடக்குற பிராணி, அதனால ஒசரம் வேஸ்ட், தரை எடம் தான் முக்கியம். வளந்தா ஒரு அடி கிட்ட வரும். ஒண்ணுக்கு 3 அடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம், ஒண்ணேகால் அடி ஒசரம் போதும், மேல ரெண்டு இஞ்ச் விட்டு ரொப்புனா 115 லிட்டர் புடிக்கும். கடைல ரெடிமேடா ரெண்டடி தொட்டி காமிப்பாங்க, வேணாம். நம்ம ஊர்ல கண்ணாடிக் கடைல அளவு குடுத்தா ஒட்டித் தருவாங்க, 8 எம்எம் கேளுங்க. ஒட்டுன சிலிகான் வினிகர் வாசன அடிச்சுக்கிட்டே இருக்கும், அது முழுசா போற வரைக்கும் காய விட்டு, வாசத்திண்ணைல வச்சு மூணு நாள் தண்ணி ரொப்பி பாத்துட்டு தான் உள்ள கொண்டு போகணும். தண்ணியும் கண்ணாடியுமா 150 கிலோவ தொடும், பழைய மர பெஞ்சு மேல வச்சுட்டு அப்பறம் அழக்கூடாது. வெயில் விழுற ஜன்னலுக்கு எதுத்தாப்புல வைக்காதீங்க. மொட்ட மாடி ஒட்டுன ரூமும் வேணாம், ராத்திரி பூரா காரை சூட்ட கக்கும். எங்க வீட்ல பழைய ஓட்டு வீட்டு கூடம், அது ஒரு வரம்.

அடில என்ன போடறது. கலர் கலரா கூழாங்கல் கடைல அள்ளி குடுப்பாங்க, அத தொடவே தொடாதீங்க. ஆக்சலாட்டல் எரைய கடிச்சு திங்காது, வாய டபக்குன்னு தொறந்து தண்ணியோட சேத்து உறிஞ்சும், அப்ப கல்லும் உள்ள போயி கொடல அடைச்சிரும். ஒண்ணு அதோட தலைய விட பெரிய கல்லா இருக்கணும், இல்ல ரவை மாதிரி சன்னமான மணலா இருக்கணும், நடுவுல குருண அளவுல எதுவும் கூடாது. அஞ்சாறு இஞ்சுக்கு கம்மியான குட்டின்னா மணலும் வேணாம், வெறும் கண்ணாடியே போதும். ஆத்து மணல அள்ளிப் போட்டா என்னன்னு தோணும், நம்ம கிட்ட இல்லாத மணலான்னு, எனக்கும் தோணுச்சு. சல்லடைல போட்டு பாத்தேன், பாதிக்கு மேல பெருசு, கூட கிளிஞ்சல் தூளு வேற. கடைசில மீன் கடைல சன்ன மணல் பாக்கெட் தான் வாங்குனேன், தண்ணி தெளியற வரைக்கும் அரிசி களையற மாதிரி பதினஞ்சு தடவ களைஞ்சேன்.

ஒளியறதுக்கு எடம் வேணும். அதுக்கு கண் இமை கெடையாது, லைட்டு போட்டா மூடிக்க முடியாது, அதனால இருட்டு மூலை ரெண்டாவது இருக்கணும். நாலு இஞ்ச் பிவிசி பைப்ப அரை அடி துண்டா அறுத்து ஓரத்த உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேச்சு போடுங்க. இல்லன்னா வாய் ஒடைஞ்ச மண் கலயம், உள்ள வெளில சாயமோ மெருகோ பூசாததா, முன்னாடி வேற எதுக்கும் பொழங்காததா. கூரா எதுவும் இருக்கக்கூடாது, தோலு அவ்ளோ மெலிசு. செடின்னா வெளிச்சம் கம்மியா கேக்குற அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் கடைல வாங்கி கல்லுல நூல் கட்டி வைங்க. வாய்க்கால்ல கெடக்குற வேலம்பாசிய பறிச்சு போட்றாதீங்க, நத்தை அட்டை கூட வரும், வயல்ல அடிச்ச மருந்தும் வரும். பெரிய லைட்டு தேவையே இல்ல, மூடி தேவை, சில சமயம் எகிறி குதிச்சிரும், அதோட நம்ம ஊர்ல பல்லி விழும். நைலான் வலைய சட்டத்துல அடிச்சு மூடி பண்ணுங்க, ஆவியும் போகும் கொசுவும் முட்ட விடாது. கொசுன்னதும் ஞாபகம் வருது, டேங்க் இருக்கிற ரூம்ல கொசுவத்தி, லிக்விட், ஸ்ப்ரே எதுவும் வேணாம், தெருவுல புகை மருந்து அடிக்க வந்தா ஜன்னல சாத்திட்டு டேங்க் மேல ஈரத்துணிய போட்டு ஏர் பம்ப்ப நிறுத்திட்டு அரை மணி நேரம் கழிச்சு எடுங்க. அந்த மருந்து தண்ணில வாழுற எதுக்கும் எமன்.

ஃபில்டருக்கு ரெண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், மலிவு, தண்ணிய இழுத்து அடிக்காது. ஆக்சலாட்டலுக்கு ஓடுற தண்ணி புடிக்காது, எப்பவும் எதிர்ச்சாரில நின்னா எரை எடுக்காம வாடிரும். பிரச்சனை என்னன்னா சில்லருக்குள்ள தண்ணிய ஓட்ட ஒரு பம்ப் வேணும், அது திரும்ப தொட்டில வந்து விழுற எடத்துல நல்ல வேகம் இருக்கும். அங்க பைப்ப நீளமா போட்டு வரிசையா ஓட்ட போட்டு, வாய கண்ணாடிய பாத்து திருப்பி விட்டீங்கன்னா அடங்கிரும். பம்ப்போட இழுக்குற வாய்க்கு ஸ்பாஞ்ச் மாட்ட மறந்துறாதீங்க, இல்லன்னா செவுள இழுத்துரும்.

தண்ணி. இதுல நம்ம பக்கம் ஊருக்கு ஊரு வித்தியாசம். ஆக்சலாட்டலுக்கு கொஞ்சம் கடின தண்ணியே புடிக்கும், பிஹெச் 7.4, 7.6 பக்கம் இருந்தா நல்லது, 6.5லேர்ந்து 8 வரைக்கும் சமாளிக்கும். அதனால போர் தண்ணிய கண்டு பயப்பட வேணாம், சோறு வேக லேட்டாகுதேன்னு நாம திட்டுற தண்ணி அதுக்கு சரிதான். ஆனா வேதாரண்யம் நாகப்பட்டினம் பக்கம் வாயில வச்சாலே கரிக்குற தண்ணின்னா ஆகாது, அங்க வேற நல்ல தண்ணி தான் பாக்கணும். ஆர்ஓ தண்ணிய மட்டும் ரொப்புறதும் தப்பு, அதுல சத்து ஒண்ணும் இருக்காது, போர் தண்ணியோட கலந்துக்கலாம். செவப்பு படியற போர் தண்ணின்னா ட்ரம்முல புடிச்சு ஒரு நாள் ஏர் பம்ப் போட்டு விட்டா துரு கீழ ஒக்காந்துரும், மேல தெளிஞ்சத எடுங்க. பைப்புல வர்ற கொள்ளிடத்து தண்ணின்னா குளோரின் இருக்கும், கடைல விக்கிற ஆன்டி குளோரின் ஊத்துங்க, இல்ல காத்து விட்டு ஒரு நாள் வைங்க. ஜூன் மாசம் மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல புதுத்தண்ணி வர்றப்ப எல்லாருக்கும் சந்தோஷம் தான், அத ஒரு கொடம் கூட தொட்டிக்குள்ள ஊத்தாதீங்க. கொடம்னதும் இன்னொன்னு, செப்புக்கொடத்துல புடிச்சு வச்ச தண்ணி வேணவே வேணாம், செம்பு இதுக்கு விஷம். நத்தை கொல்ற மருந்து, மீனுக்கு போடற சில மருந்துலயும் செம்பு இருக்கும், அதுவும் கூடாது.

இனிமே தான் பொறுமை. தண்ணி ரொப்பியாச்சு, ஃபில்டர் ஓடுது, பளபளன்னு இருக்கு, இன்னிக்கே வாங்கிரலாம்னு கை அரிக்கும். வாங்காதீங்க. இது திங்கிறது மாமிசம், கழிவுலேர்ந்து அம்மோனியா நெறைய வரும், அத நைட்ரைட்டா மாத்துற ஒரு பாக்டீரியா, அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்துற இன்னொரு பாக்டீரியா, ரெண்டும் ஸ்பாஞ்சுல வளந்து நிக்கணும். மொத ரெண்டும் விஷம், நைட்ரேட் மட்டும் கொஞ்சமா இருந்தா பரவால்ல. நடவுக்கு முன்னாடி வயல சேறடிச்சு தண்ணி கட்டி போட்டு வைக்கிறோம்ல, அந்த மாதிரி நாலுலேர்ந்து எட்டு வாரம் தொட்டிய சும்மா ஓட்டணும், இதுக்கு சைக்கிள்னு பேரு.

சும்மா ஓட்டுனா பாக்டீரியாவுக்கு சாப்பாடு வேணுமே, அதுக்கு அம்மோனியா நாம தான் போடணும். நான் அம்மோனியம் குளோரைடு போட்டேன். பேரு பெருசா இருக்கேன்னு பாக்காதீங்க, ஈயம் பூச வர்றவரு பாத்திரத்துல தேய்ப்பாரே அந்த நவச்சாரம் தான் அது. ஆனா நாட்டு மருந்து கடைல கட்டியா கெடைக்கிறது சுத்தம் இருக்காது, ஸ்கூல் லேபுக்கு சப்ளை பண்ற கடைல லேப் கிரேடு வாங்குங்க. நகை எடை போடற குட்டி தராசுல 6 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு பாட்டில்ல வச்சுக்கங்க, மேல பேர் எழுதி ஒட்டுங்க, புள்ளைங்க இருக்கிற வீடு. 100 லிட்டர் தொட்டில இதுல 100 மில்லி ஊத்துனா சுமார் 2 பிபிஎம் (பத்து லட்சத்துல ரெண்டு பங்கு) அம்மோனியா வரும். டெஸ்ட் கிட் சொட்டு மருந்து கணக்கா வர்றது வாங்குங்க, பேப்பர் பட்டை நம்ம ஊரு ஈரத்துல டப்பாக்குள்ளயே கலர் மாறிருது.

ஊத்திட்டு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணுங்க. மொத ரெண்டு வாரம் ஒண்ணுமே நடக்காது, சலிப்பா இருக்கும். அப்பறம் அம்மோனியா எறங்கும், நைட்ரைட் கிடுகிடுன்னு ஏறும், அது பெரிய ஆட்டம், மூணு நாலு வாரம் கூட நிக்கும். அம்மோனியா தீந்தா திரும்ப ஊத்துங்க. கடைசில ஒரு நாள் 2 பிபிஎம் ஊத்துனா மறுநாள் அதே நேரத்துல அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம்னு காட்டும். அப்ப தான் தொட்டி ரெடி. இத சீக்கிரமா ஆக்க ஒரு வழி இருக்கு, ஏற்கனவே மீன் வளக்குற நம்பிக்கையான வீட்டுலேர்ந்து பழைய ஸ்பாஞ்ச் ஒண்ண வாங்கிட்டு வந்து உள்ள போடுங்க, பாலுக்கு ஒற மோர் ஊத்துற மாதிரி. எனக்கு என் கப்பி தொட்டி ஸ்பாஞ்சே இருந்துச்சு, அஞ்சு வாரத்துல முடிஞ்சுது. அங்க சீக்கு இருந்தா அதுவும் சேந்து வரும், பாத்து வாங்குங்க.

இந்த ஒரு கட்டத்துல மட்டும் நம்ம வெயில் நமக்கு தோஸ்து. பாக்டீரியா சூட்டுல வேகமா பெருகும், அதனால சைக்கிள் ஓடுற வாரம் எல்லாம் சில்லர ஆன் பண்ணாதீங்க, கரண்ட் பில்லும் மிச்சம். முடிஞ்சதும் சில்லர போட்டு 18க்கு எறக்கி, ஒரு வாரம் அதே குளிர்லயும் 2 பிபிஎம்ம ஒரு நாள்ல தின்னுதான்னு பாருங்க, குளிர்ல பாக்டீரியா கொஞ்சம் சோம்பேறி ஆகும். எனக்கு மொத மூணு நாள் மிச்சம் வச்சுது, அப்பறம் சரியாயிருச்சு. அதே வாரத்துல வெயில் உச்சில தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு மத்தியானம் 3 மணிக்கு பாத்து எழுதி வைங்க, 20அ தாண்டுனா பிராணி வர்றதுக்கு முன்னாடியே சில்லர பத்தி யோசிக்கலாம். எல்லாம் சரின்னா முக்காவாசி தண்ணிய மாத்திட்டு நைட்ரேட்ட 20 பிபிஎம்க்கு கீழ கொண்டாந்துருங்க.

தண்ணி மாத்துறது அப்பறம் வாரா வாரம் அஞ்சுல ஒரு பங்கு. மாடில இருக்கிற கருப்பு டேங்க்லேர்ந்து மத்தியானம் புடிச்சா அது ரசம் வைக்கிற தண்ணி, விடியக்காலைல புடிங்க, நாலு பாட்டில் ஃப்ரிட்ஜ்ல வச்சு கலந்து தெர்மாமீட்டர்ல பாத்து ஊத்துங்க. கையால தொட்டு பாத்து சரியா இருக்குன்னு ஊத்துனா அது 26 டிகிரியா இருக்கும், நம்ம கைக்கு அது சில்லுன்னு தான் தெரியும்.

கரண்ட் போனா என்ன பண்றது. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப எங்க தெருவுக்கு மூணு வாரம் கரண்ட் இல்ல, அப்ப எங்கிட்ட இது இல்ல, இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு பாத்து தான் இந்த ஏற்பாடு. வீட்டு இன்வெர்ட்டர் கம்ப்ரசர இழுக்காது, ஏர் பம்ப மட்டும் அதுல போடுங்க. ரெண்டு மூணு மணி நேரம்னா தெர்மாகோல் தாங்கும், அதுக்கு மேலன்னா 115 லிட்டரோட மல்லுக்கட்டாதீங்க. மீன் மார்க்கெட்ல ஐஸ் வச்சு வர்ற தெர்மாகோல் பெட்டி மாதிரி புதுசா ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, அதுல தொட்டித் தண்ணி 10 லிட்டர் எடுத்து பிராணிய விட்டுட்டீங்கன்னா, அதே ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் இங்க பத்து டிகிரி கொறைக்கும். அதனால ஒரேடியா போடாம அரை லிட்டர் பாட்டிலா போட்டு 18க்கு கிட்ட நிறுத்துங்க. தண்ணி கம்மின்னு தெனம் முழுசா மாத்தணும். ஃப்ரீசர்ல எப்பவும் ஆறு பாட்டில் கெடக்கட்டும், அம்மா திட்டுனாலும்.

வாங்கறதுக்கு முன்னாடி காகித வேலை ஒண்ணு. அழியற நெலமைல இருக்கிற உயிருங்கள நாடு விட்டு நாடு விக்கிறத கட்டுப்படுத்துற சைட்டீஸ்ங்கிற சர்வதேச ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கிற பிராணி இது, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு கீழ 2024ல வந்த விதிப்படி வீட்ல வச்சிருந்தா மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல (வெப்சைட்டுல) பதிவு பண்ணணும், கைக்கு வந்து 30 நாளைக்குள்ள. அதனால கடைல பில்லும் எங்கேர்ந்து வந்துச்சுங்கிற காகிதமும் கேளுங்க, குடுக்க மாட்டேன்னா வேற கடை. குட்டிய பாக்கும்போது செவுளு பின்னாடி பக்கமா விரிஞ்சு பொசுபொசுன்னு இருக்கணும், கால் வெரல் நாலு முன்னாடி அஞ்சு பின்னாடின்னு எண்ணி பாருங்க. ஒண்ணு ரெண்டு கம்மியா இருந்தா பயம் இல்ல, கூட இருந்தது கடிச்சிருக்கும், திரும்ப மொளைக்கும். ஒண்ணே ஒண்ணு வாங்குங்க, கூட மீனு போடாதீங்க, சின்ன மீன இது முழுங்கும், பெரிய மீன் இதோட செவுள கடிக்கும்.

சாப்பாடு மண்புழு. இதுல நம்மள அடிச்சுக்க ஆள் இல்ல, கொல்லைல ஈரமா இருக்கிற வாழைக்கு அடில ஒரு கொத்து கொத்துனா பத்து நாளைக்கு காணும், ஆனா அந்த மண்ணுல உரமோ மருந்தோ படாம இருக்கணும், சோப்புத்தண்ணி பாயற எடத்த விட்டு தள்ளி தோண்டுங்க. வயல் வரப்புல எடுக்கவே வேணாம். உரக்குழில கெடக்குற செவப்பு புழு கசக்கும் போல, என்னோடது வாயில வாங்கி தூன்னு துப்பிடும். குட்டிக்கு புழுவ நறுக்கி குடுக்கணும், அக்கா பொண்ணு அந்த வேலைய மட்டும் எங்கிட்ட தள்ளிட்டா.

கொண்டாந்த அன்னிக்கு சாயங்காலமா பாத்து விடுங்க. லைட்ட அணைச்சுட்டு பைய மூடுனபடி அரை மணி நேரம் தொட்டில மெதக்க விட்டு, அப்பறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணிய பைக்குள்ள சேத்து, ஒரு மணி நேரம் கழிச்சு பிராணிய மட்டும் உள்ள விடுங்க, பைத்தண்ணிய கொல்லைல கொட்டிருங்க. கொட்டுறது கொல்லை மண்ணுல, வாய்க்கால்ல இல்ல. ரெண்டு நாள் சாப்பிடாம கெடக்கும், பைப்புக்குள்ள பூந்துக்கிட்டு மூஞ்சிய காட்டாது, செத்துருச்சான்னு டார்ச் அடிச்சு பாக்காதீங்க. எங்களோடது மூணாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வெளில வந்துச்சு, வீடே தூங்கிருச்சு, சில்லர் மட்டும் உர்ருன்னு ஓடுது, கலயத்துலேர்ந்து பைப்புக்கு ஒவ்வொரு காலா எடுத்து வச்சு நடந்து போயி திரும்ப படுத்துக்கிச்சு.